துளசி மாடத்துக்கு அடியில்

சுப்ரமணியனுக்கு அன்று சாயங்காலம் சால்வை. இருபத்தைந்து வருஷமாக அந்த மாட்டுங்கா சபா ஹாலின் சாவிக்கொத்தை இடுப்பில் சுமந்ததற்காக, கச்சேரிக்கு நடுவில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, அவரை மேடையில் நிற்க வைத்து, தலைவர் நாலு வார்த்தை பேசிப் பட்டுச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம். அது இரண்டாம் மாசமே நின்றுவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது நாலு பேர் தன்னைப் பார்த்துக் கை தட்ட வேண்டும் என்று மனுஷருக்கு ஆசை. அதில் தப்பொன்றும் இல்லை. அதற்காக அவர் செய்ததுதான் தப்பு.

மூன்று மணிக்கு மைக்கைச் சோதித்துப் பார்க்க வந்து உட்கார்ந்தாள் அன்றைய பாடகி சாருலதா. செம்பூர்ப் பெண். இப்போது வருஷத்தில் பாதி நாள் விமானத்தில் இருக்கிறவள். அவளைப் பிடித்துத் தேதி வாங்குவதற்குள் கமிட்டிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மைக்கைத் திறந்தார்களோ இல்லையோ, இரண்டு பக்கத்து ஸ்பீக்கர்களிலிருந்தும் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் கிளம்பியது. மூன்று வாரமாகவே அது இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உபன்யாசத்தில்கூட இருந்தது. உபன்யாசம் கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் தூங்குகிறவர்கள், மீதிப்பேருக்குக் காது மந்தம். அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாருலதா சொன்னாள். "மாமா, இது என்ன ஹம்? என் சுருதி அஞ்சு கட்டை. இது அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல எங்கேயோ நின்னுண்டு என் கழுத்தைப் பிடிக்கறது. இதை வெச்சுண்டு பாடினா, சுருதி சேரலைன்னு ஜனங்கள் என்னைத்தான் சொல்லுவா. இது போகற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கச்சேரி ஆறு மணிக்கு. பாட்டு இல்லாவிட்டால் கச்சேரி இல்லை, கச்சேரி இல்லாவிட்டால் சால்வை இல்லை. சுப்ரமணியன் மைக்செட் ஜஹாங்கீரின் பக்கம் திரும்பினார்.

"ஓய் ஜஹாங்கீர், என்ன பண்ணுவீரோ தெரியாது. எங்கே இருந்து வரதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும். மூல வேர் வரைக்கும் போம். விடாதேயும்!"

பாவி மனுஷர், தன் வாயாலேயே சொன்னார்.

ஜஹாங்கீருக்கு ஐம்பத்து நாலு வயசு. தாராவியில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஹாலுக்கு அவர்தான் மைக்செட். கச்சேரி நடக்கும்போது ஹாலின் பின்னால் மிக்சருக்கு முன் உட்கார்ந்து, ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில், பொத்தான்களை மேலும் கீழும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திக்கொண்டிருப்பார். ராகம் பெயர் ஒன்றும் தெரியாது என்பார். ஆனால் எந்தப் பாடகி எந்த இடத்தில் மைக்கைவிட்டு முகத்தைத் திருப்புவாள் என்பது அவளுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

அவர் முதலில் செய்த காரியம், தன்னுடைய மைக்குகளையும் ஒயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டதுதான். ஒன்றைப் பிடுங்குவார், காது கொடுப்பார், தலையை ஆட்டுவார், அடுத்ததற்குப் போவார். சுப்ரமணியனுக்குப் பொறுமை இல்லை.

"உம்ம சாமான்லே என்ன இருக்கு? எல்லாம் நன்னாத்தானே இருந்தது?"

"சந்தேகப்படணும்னா மொதல்ல நம்ம சாமான்மேல சந்தேகப்படணும் சார். அது சுத்தம்னு தெரிஞ்ச பொறவுதான் அடுத்தவங்க பொருளைப் பேசலாம். எங்க தொழில்ல அதான் மொறை."

அவர் சாமான் சுத்தம். பிறகு ஹால். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். போகவில்லை. சுவாமி படத்துச் சீரியல் விளக்கை நிறுத்தினார்கள். போகவில்லை. சுருதிப் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கினார்கள், ஏ.சி.யை அணைத்தார்கள், சுப்ரமணியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு "போச்சா?" என்பார், ஜஹாங்கீர் "இல்ல சார்" என்பார். எல்லாச் சாமான்களையும் ஒரே ப்ளக்குக்கு மாற்றிப் பார்த்தார். அப்போதும் 'ங்ங்ங்'.

கடைசியில் ஜஹாங்கீர் மேடை ஏறி, சாருலதாவின் மைக்கை உள்ளங்கையால் பிடித்தார். முனகல் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தார், மறுபடி ஏறிற்று. பிடித்தார், குறைந்தது. அவர் முகம் மாறிப்போயிற்று.

"சார், இங்க வாங்க. தொட்டா கொறையுதுல்லா?"

"நல்லதுதானே? பாடறச்சே பிடிச்சுக்கச் சொல்லிடலாம்."

"நல்லா சொன்னிய, போங்க. எர்த் சரியா இருந்தா, தொட்டாலும் தொடாட்டாலும் ஒண்ணு போலத்தான் இருக்கும். இப்பம் கரண்டுக்கு மண்ணுக்குப் போக வழியில்ல. அதான் தொட்ட ஆளையே வழியா எடுத்துக்கிடுது."

"ஷாக் அடிக்குமா?"

"இன்னிக்குக் கூசும். நாளைக்கு ஏதாவது மிஷின் உள்ளுக்குள்ள பழுதாச்சுன்னா கூசாது, ஆளைத் தூக்கிரும். அந்தப் புள்ள மைக்ல வாயை வச்சுட்டுல்லா ரெண்டரை மணி நேரம் பாடப் போகுது."

பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். ஹோல்டரோடு இரண்டு ஒயர் தொங்கும் சாதாரண பல்பு. ப்ளக்கின் கீழ்த் துளைகள் இரண்டிலும் ஒயரைச் செருகினார், பளிச்சென்று எரிந்தது. ஒரு ஒயரை எடுத்து மேலே இருந்த பெரிய துளையில், எர்த் துளையில், செருகினார். அப்போதும் எரிய வேண்டிய பல்பு செத்துக் கிடந்தது. அடுத்த ப்ளக், அதற்கடுத்த ப்ளக், சமையல்கட்டு ப்ளக், எல்லாவற்றிலும் அதே கதைதான்.

"மொத்த ஹாலுக்கும் எர்த் போயிருச்சு சார். மீட்டர் ரூம்லேருந்து பொறவாசலுக்குப் போற செம்புப் பட்டை எங்கயோ அத்திருக்கணும்."

சுப்ரமணியன் காதில் 'செம்புப் பட்டை' என்பது மட்டும்தான் விழுந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ருக்குவுக்காக அவர் ஹாலின் பின்பக்கத்தில் ஒரு துளசி மாடம் கட்டினார். ருக்கு அவர் சம்சாரம். துவாதசிக்குத் துளசிக் கல்யாணம் செய்ய ஹாலில் இடமில்லை என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காம்பவுண்டு சுவர் ஓரமாகச் சதுரமாய்ச் சிமெண்டுத் தொட்டி மாதிரி ஒன்று, மேலே மூடியோடு, சும்மா கிடந்தது. நல்ல வெயில் படுகிற இடம், கிழக்குப் பார்த்த மூலை. மேஸ்திரி அதை உடைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே கரியும் உப்பும் ஒரு செம்புத் தகடும் இருக்கிறது, சுவரிலிருந்து ஒரு பட்டை வந்து அதில் சேருகிறது, என்ன செய்ய என்று கேட்டான். "வெள்ளைக்காரன் காலத்துச் சமாசாரமா இருக்கும். வெட்டி எடுத்து இப்படிப் போடு" என்றார் சுப்ரமணியன். அவன் வெட்டி எடுத்து அப்படிப் போட்டான்.

வீட்டில் பழைய செம்பு பித்தளை இருந்தால் பாத்திரக்கடையில் போட்டுப் புதுசு வாங்கிக்கொள்வது நம் ஜனங்களின் வழக்கம். சுப்ரமணியனும் அப்படித்தான் செய்தார். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் கடையில் தகட்டையும் பட்டையையும் தராசில் ஏற்றி, துளசிக்குத் தண்ணீர் விட ஒரு தாமிரச் சொம்பு வாங்கினார். மிச்சத்துக்கு வீட்டுக்குக் குழாய் வைத்த ஒரு பெரிய தாமிரப் பானை வந்தது. தாமிரப் பானைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. திருடுகிறோம் என்று சத்தியமாக அவர் நினைக்கவில்லை. கணக்கில் எழுத வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அது ஹாலின் உயிர்நாடி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? செம்பைப் போட்டுப் பானை வாங்கித் தண்ணீர் குடிக்கத்தான் தெரியும்.

இப்போது பேச்சை மாற்றப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு ஓய்? ப்ளக்குல மூணாவது காலை ஒடிச்சுட்டா ஹம் போயிடும்னு சொல்லுவாளே, அதைப் பண்ணிடுமே" என்றார்.

"போகும் சார். பொறவு மனுஷனும் போவான்."

"பின்கேட் சாவி ஆத்துலே இருக்கு."

"உங்க இடுப்புலதான் சார் இருக்கு. பச்சை நூல் கட்டுனது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. வெட்டச் சொன்னவரே அவர்தான். நடந்தார். ஹாலைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி, பின்கதவைத் திறந்துவிட்டார். பச்சை பெயின்ட் அடித்த மாடம், 'ருக்மிணி சுப்ரமணியன் உபயம்' என்ற வெள்ளைக் கல்லோடு வெயிலில் ஜம்மென்று நின்றது. ஜஹாங்கீர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பக்கத்தில் போகவில்லை. சுவரோரமாகக் குனிந்து, மீட்டர் ரூமிலிருந்து இறங்குகிற செம்புப் பட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்தார். முழங்கால் உயரத்தில் பட்டை முடிந்துபோயிற்று. முனை நேராக, ரம்பத்தால் அறுத்தது மாதிரி இருந்தது.

"அத்துப் போகல்ல சார். அறுத்திருக்காவ. மேஸ்திரி யாரு? ஒரு போன் போட்டாத் தெரிஞ்சுரும்."

"அவன் ஊருக்குப் போயிட்டான்."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் அனந்தகிருஷ்ணனும் பொருளாளர் கௌசிக்கும் வந்து சேர்ந்தார்கள். அனந்தகிருஷ்ணன் பெரிய கம்பெனியில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் எட்டடிக்கு மேல் போகாது. போக வேண்டிய அவசியம் அவருக்கு ஆயுசில் வந்ததில்லை, ஜனங்கள்தான் கிட்டே வந்து கேட்பார்கள். கௌசிக்குக்குக் கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தைந்து வயசு, எதையும் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும்.

ஜஹாங்கீர் நடந்ததைச் சொன்னார். எர்த் எங்கே போகிறது, பட்டை எங்கே அறுபட்டிருக்கிறது, உள்ளே என்ன இருந்திருக்க வேண்டும் என்று, டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுகிற மாதிரி விளக்கினார். அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"எவ்வளவு செம்பு இருக்கும்?" என்றான் கௌசிக்.

"தகடும் பட்டையும் சேத்து எட்டு ஒம்பது கிலோ இருக்கும்."

"கரெக்டா தெரிஞ்சிருக்கே. எங்கே புதைச்சிருக்குன்னும் தெரிஞ்சிருக்கு."

"வருஷா வருஷம் உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்துறது நாந்தானே தம்பி."

"அதான் சொல்றேன். எங்க யாருக்கும் இப்படி ஒண்ணு இங்கே இருக்குன்னே தெரியாது. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்." கௌசிக் தலைவரைப் பார்த்தான். "இவர் தம்பி பைசானுக்கு தாராவியிலே பங்கார் கடைதானே, மாமா? பழைய இரும்பு, செம்பு, எல்லாம்?"

ஜஹாங்கீருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தம்பிக்கு பங்கார் கடை இருப்பது நிஜம்.

அனந்தகிருஷ்ணன் மெதுவாகக் கேட்டார். "சுப்ரமணியன், பின்கேட் சாவி எப்பவும் உம்ம இடுப்பிலேதானே இருக்கும்? யாராவது வாங்கிண்டு போனாளா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். 'நான்தான் ஸார், தெரியாமே வெட்டச் சொல்லிட்டேன்' என்றால் தலைவர் முகத்தைச் சுளிப்பார், கௌசிக் சிரிப்பான், சால்வை ஒருவேளை போகும், ஒருவேளை போகாது. அவ்வளவுதான் விலை. சுப்ரமணியன் அந்த விலையைக் கொடுக்கவில்லை.

"வாங்கிண்டு போனா" என்றார். "போன மாசம். ஜஹாங்கீர்தான். ஒரு நாள் முழுக்க அவர்கிட்டே இருந்தது."

ஒரு பொய் கிடையாது அதில். ரிப்பேருக்குப் போன ஸ்பீக்கரைப் பின்வழியாக இறக்குவதற்கு ஜஹாங்கீர் சாவி வாங்கிப் போனது உண்மை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பண்ணினவரே பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் பத்திரமாக இறக்கி வைத்தார்.

ஜஹாங்கீர் அவரைத் திரும்பிப் பார்த்தார். சுப்ரமணியன் துளசியைப் பார்த்தார்.

"பையை ஒரு தடவை பாத்துடலாம். ஜஸ்ட் ஃபார்மாலிடி" என்றான் கௌசிக். பாத்துடலாம் என்றால் பார்ப்பது இல்லை, அப்படியே கவிழ்ப்பது. சிமெண்டுத் தரையில் எல்லாம் கலகலவென்று விழுந்தது. திருப்புளி, கட்டிங் பிளேயர், ஈயம், அந்த பல்பு, சாப்பாட்டு டப்பா, ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை அட்டை. பல்பு உடைந்தது. கூடவே ஒரு சுருள் செம்புக் கம்பி.

"இது என்ன?"

"ஒயர் தம்பி. மைக்செட்காரன் பையில வேற என்ன இருக்கும்?"

சமையல்காரர்கள் இரண்டு பேர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிருதங்கக்காரர் கைகழுவ வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் அந்த ஹாலில் யாரும் ஜஹாங்கீரின் பையைத் தொட்டதில்லை.

"போலீசுக்குச் சொல்லணுமா ஸார்?" என்றான் கௌசிக்.

ஜஹாங்கீர் மண்டியிட்டு அந்தக் கம்பிச் சுருளை மட்டும் பொறுக்கி எடுத்தார். "சொல்லுங்க. பைசான் கடையிலயும் போய்ப் பாருங்க. ஆனா அஞ்சு மணி ஆகப் போகுது. அந்தப் புள்ள மைக்கைத் தொட்டுட்டுப் பாடணும். மொதல்ல இதைச் சரி பண்ணிருதேன், பொறவு எங்க வேணாலும் வாரேன்." கம்பியை நீட்டிப் பார்த்தார். "ஈர மண்ணும் கொஞ்சம் செம்பும் கெடச்சாப் போதும். இன்னிக்குச் சாயங்காலம் ஓடிரும்."

ஈர மண் எதிரிலேயே இருந்தது. ருக்கு தினமும் தண்ணீர் விடுகிற மாடம். செம்புக்கு எங்கே போவது என்று அவர்கள் யோசிக்கும்போதே, தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து ருக்கு வந்துவிட்டாள். சாயங்கால விளக்கேற்றுகிற நேரம். பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு தாமிரச் சொம்பு. புருஷனுக்குச் சால்வை போர்த்துகிற நாள் அல்லவா.

"அம்மா, அந்தச் சொம்பைக் கொஞ்சம் குடுப்பியளா?" என்றார் ஜஹாங்கீர். "இந்த மண்ணுக்குள்ள பொதைக்கணும். கச்சேரி முடிஞ்சதும் எடுத்துத் தந்துருதேன்."

"அதுக்கென்ன, பேஷா எடுத்துக்கோங்கோ. ஹாலுக்குத்தானே?" தண்ணீரைத் துளசிக்கு விட்டுச் சொம்பை நீட்டினாள். கொடுத்த சந்தோஷத்தில் தலைவர் பக்கம் திரும்பினாள். "இது ஹாலோட சொம்புதான் ஸார். இங்கே தோண்டறச்சே ஏதோ பழைய தகடும் பட்டையும் கெடைச்சுதாம். அதைப் போட்டுத்தான் இவர் வாங்கிண்டு வந்தார். ஆத்துக்கும் ஒரு தண்ணிப் பானை வந்தது. அன்னிக்கு நீங்க வந்து குடிச்சுட்டு, தித்திப்பா இருக்குன்னேளே, அந்தப் பானைதான்."

ஹாலுக்குள்ளிருந்து 'ங்ங்ங்' மட்டும் வந்துகொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, ஜனங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அனந்தகிருஷ்ணன் சிரித்தார்.

முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. "அட ராமா! நம்ம சுப்ரமணியனா! அந்தத் தண்ணி தித்திச்சது இதனாலேதானா!" கௌசிக்கும் சேர்ந்துகொண்டான். "மாமா, நீங்க ஹாலோட எர்த்தையே குடிச்சிருக்கேள்!" சிரிப்பு ஜன்னலுக்கும் பரவியது. மிருதங்கக்காரர்கூடச் சிரித்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போலீசுக்குப் போகவிருந்த அதே எட்டு கிலோ செம்பு, கைமாறினதும் வேடிக்கைக் கதையாகிவிட்டது. ஜஹாங்கீரிடம் ஒரு வார்த்தை? ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. கௌசிக் மட்டும் போகிற போக்கில் "ஜானே தோ பாய், மனசுலே வெச்சுக்காதீங்கோ" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ருக்கு தரையில் கொட்டிக் கிடந்த சாமான்களைப் பார்த்தாள், உடைந்த பல்பைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "இவரை என்ன சொன்னேள்?" என்று கேட்டாள். அவர் துளசியைப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது.

இன்னொருவர் வேலையாக இருந்தார். மாடத்தின் ஓரத்து மண்ணைக் கையால் தோண்டி, செடியின் வேர் படாமல், சொம்பைக் கவிழ்த்துப் புதைத்தார். கம்பியை அதன் கழுத்தில் இறுக்கிச் சுற்றி, மறுமுனையை அறுபட்ட பட்டையில் முறுக்கினார். உள்ளேயிருந்து கௌசிக் கத்தினான். "போயிடுத்து! சுத்தமா போயிடுத்து!" எல்லோரும் உள்ளே ஓடினார்கள், ருக்கு மட்டும் தெருவைக் கடந்து வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

பின்வாசலில் இரண்டு பேர் மிச்சம். ஜஹாங்கீர் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார்.

"ஜஹாங்கீர்" என்றார் சுப்ரமணியன். "நான் ஒண்ணும் நீர் எடுத்தீர்னு சொல்லலை. சாவியைப் பத்திக் கேட்டா, இருந்ததைச் சொன்னேன்."

"நெசந்தானே சார். சாவி வாங்கினது நெசந்தானே." மாத்திரை அட்டையைத் தட்டி மண்ணை உதிர்த்தார். "அவிய என்னைச் சந்தேகப்பட்டாவ. பரவால்ல, தெரியாம பட்டாவ. நீங்க சந்தேகப்படவே இல்லயே சார். அதான் தாங்கல."

பையை மூடிக்கொண்டு மிக்சருக்குப் போய்விட்டார்.

சால்வைக்கு அரைமணி முன்னால், மேடையின் பக்கவாட்டில் நின்றுகொண்டு, அனந்தகிருஷ்ணன் சுப்ரமணியனின் காதருகே கேட்டார். "செம்பூர்லே ஒரு கம்பெனி புது சிஸ்டத்தோட வரேங்கறான். இனிமே இவன் இங்கே இருந்தா உமக்கும் தர்மசங்கடம், எங்களுக்கும் தர்மசங்கடம். மாத்திடலாமா? நீர் சொல்றதுதான். ஹால் உம்ம பொறுப்பு."

தவறு செய்தவனுக்கு எதிராளியின் கோபம்கூடப் பெரிசில்லை. தினம் அந்த முகத்தைப் பார்ப்பதுதான் முள். இந்த மனுஷர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாவி கேட்டு வந்து நிற்பார், நான் கொடுக்க வேண்டும் என்று சுப்ரமணியன் நினைத்துப் பார்த்தார். முடியாது என்று தோன்றியது. தலையை ஆட்டினார். மேலும் கீழுமாகத்தான் ஆட்டினார்.

சாருலதா அன்று பிரமாதமாகப் பாடினாள். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கடைசி நாற்காலி வரை கேட்டது. தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் சுப்ரமணியனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முந்நூறு பேர் கை தட்டினார்கள். சால்வை, அவர் நினைத்ததைவிடக் கனமாக, தோளில் விழுந்தது. அவர் கண் இரண்டாம் வரிசையைத் தேடியது. ருக்குவின் நாற்காலி காலியாக இருந்தது.

தலைவர் மைக் முன்னால் வந்தார். இருபத்தைந்து வருஷ சேவையைச் சொன்னார். ஜனங்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. "இன்னிக்கு மத்தியானம் ஒரு வேடிக்கை நடந்தது" என்று ஆரம்பித்தார். அவர் குரல்தான் தெரிந்ததாயிற்றே. பின்வரிசையிலிருந்து நாலைந்து பேர் "கேக்கலை! கேக்கலை!" என்று கத்தினார்கள்.

சுப்ரமணியன் மேடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஹாலின் பின்னால், சின்ன விளக்கு வெளிச்சத்தில், ஜஹாங்கீரின் கை மிக்சரில் ஒரு பொத்தானை மெள்ள மேலே தள்ளியது.

"ஹால்லே ஒரே ஹம். எங்கேடா வரதுன்னு பார்த்தா, தரைக்கு அடியிலே இருந்த செம்பைக் காணோம்! நாங்க யாரைச் சந்தேகப்பட்டோம் தெரியுமா? பாவம், நம்ம மைக்செட் ஜஹாங்கீரை! பையெல்லாம் கவுத்துப் பார்த்தாச்சு!" ஹால் சிரித்தது. எல்லாரும் திரும்பி மிக்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். "கடைசியிலே பார்த்தா நம்ம சுப்ரமணியன், அதைப் போட்டு ஆத்துக்குத் தண்ணிப் பானை வாங்கியிருக்கார்!" இன்னும் பெரிய சிரிப்பு. சிலர் கை தட்டினார்கள். சுப்ரமணியனும் சிரித்தாக வேண்டியிருந்தது. சிரித்தார்.

இந்த நிமிஷம் அந்த ஹம் திரும்பி வரக்கூடாதா, வந்து இந்த வார்த்தைகளை மூடிவிடக்கூடாதா என்று அவருக்கு இருந்தது. வரவில்லை. ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. அவ்வளவு சுத்தமான சத்தத்தை அந்த ஹால் அதுவரை கேட்டதில்லை.

"அதனாலே இனிமே இந்தத் தொல்லையே வேண்டாம்னு கமிட்டி தீர்மானம் பண்ணிடுத்து" என்றார் தலைவர், சால்வையைச் சரி செய்துகொண்டே, மைக்கைவிட்டு முகத்தைத் திருப்பி. "அடுத்த மாசத்திலேருந்து செம்பூர்க் கம்பெனியோட புது சிஸ்டம். நம்ம ஜஹாங்கீருக்கு இன்னியோட ஓய்வு."

"கேக்கலை!" என்று மறுபடி ஒரு குரல்.

ஜஹாங்கீர் தலை நிமிரவில்லை. பொத்தானை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினார். தலைவர் மறுபடி ஒரு தரம் சொன்னார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.